எட்டரை மணிக்கு வீடு திரும்புகிறவர் கதை எழுத முடியுமா?

கதை எழுத ஆசைப்படுகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் தருகிறேன்.

ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. இரண்டு பிள்ளைகள். மனசுக்குள் ஒரு நாவல் பல வருஷமாகக் கிடக்கிறது. எழுத நேரமே இல்லை. எங்கிருந்து நேரம் எடுப்பது? — வாசகி, ஈரோடு

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று உங்களிடம் ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். எட்டரைக்கு வந்து, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்று ஆகிற ஒருவர் நாலு மணிக்கு எழுந்தால், கொஞ்ச நாளிலேயே எழுத்தும் நிற்கும், உடம்பும் படுத்துவிடும்.

இந்த அதிகாலை யோசனைக்கு உதாரணமாக அடிக்கடி சொல்லப்படுகிறவர் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரொலோப். எங்கள் இலாகாக்காரர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் உண்டு. நான் மதுரை ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவள். அவர் 1834 முதல் 1867 வரை பிரிட்டிஷ் தபால் துறையில் இருந்தவர். 1852-ல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டி வைத்துப் பார்த்தது அவர் சொன்ன யோசனைப்படிதான். வேலைக்குப் போகும் முன் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை எழுதுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. இப்படி 47 நாவல் எழுதினார். இதையெல்லாம் சொல்கிறவர்கள் அவர் சுயசரிதையில் இருக்கிற இன்னொரு தகவலைச் சொல்வதில்லை. அதிகாலையில் காபியோடு வந்து தன்னை எழுப்புவதற்காகவே ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ரயிலில் பென்சிலால் எழுதியதை மனைவி நல்ல பிரதி எடுத்துத் தந்திருக்கிறார். உங்கள் வீட்டில் உங்களை எழுப்பிக் காபி கொடுக்க யார் இருக்கிறார்கள்? அதனால் அவரை வைத்து உங்களை அளந்து பார்க்க வேண்டாம். அவரிடமிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: முந்தின நாள் எழுதியதை முதலில் வாசித்துவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார். அது உங்களுக்கும் உதவும், ஐந்து நிமிஷம் போதும்.

எழுத நேரமில்லை என்று சொல்லும்போது யோசிக்கிற நேரத்தையும் பேனா பிடிக்கிற நேரத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். யோசிக்க மேஜை வேண்டாம், தனி அறையும் வேண்டாம். ராத்திரி ஷிஃப்டில் சார்ட்டிங் கேஸ் என்கிற, சின்னச் சின்ன அறைகள் கொண்ட அலமாரி முன்னால் நின்றபடி, பின்கோடின் முதல் மூன்று எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கடிதமாக அதனதன் அறையில் போடுவோம். பழகிய பிறகு 638 என்று கண்ணில் பட்டதும் கை தானாக உங்கள் ஈரோட்டு அறைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் என் கதையில் வரும் இரண்டு பேர் எனக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி ஒன்று சொல்வாள், மற்றவள் வேறொன்றைப் பதிலாகச் சொல்வாள், பிடிக்காவிட்டால் மாற்றிச் சொல்ல வைப்பேன். விடிந்து டூட்டி முடிந்ததும், கழித்துப் போட்ட பை லேபிள்களின் பின்பக்கத்தில் அந்தப் பேச்சை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். சீக்கிரமே முடிந்துவிடும். என்ன எழுத வேண்டும் என்பது ராத்திரியே முடிவாகியிருக்கும், கை அதை இறக்கிவைத்தால் போதும்.

உங்கள் வேலை அப்படி இல்லை என்று தெரியும். கணக்கு எழுதும்போது கதையை நினைக்காதீர்கள், ஒரு ஜி.எஸ்.டி. பில்லில் எண் மாறினால் அந்தத் தலைவலி வாரக் கணக்கில் போகும். உங்களுக்கு பஸ் இருக்கிறது, அடுப்படி இருக்கிறது. ஆனால் 'கதையைப் பற்றி யோசிப்போம்' என்று பஸ்ஸில் உட்கார்ந்தால் இரண்டாவது ஸ்டாப்பிலேயே பிள்ளைகளின் ஃபீஸ் ஞாபகம் வந்துவிடும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது சின்னதாகவும் திட்டமாகவும் இருக்கட்டும். அம்மா வளையலை அடகு வைத்தது மகளுக்கு எப்படித் தெரிய வந்தது? தெரிந்ததும் அவள் முதலில் யாரிடம் போனாள்? இப்படி. பஸ்ஸில் போகும்போது பதில் கிடைக்காவிட்டால் திரும்பி வரும்போது கிடைக்கும், இல்லாவிட்டால் வெங்காயம் நறுக்கும்போது வரும். வந்தது மறக்காமலிருக்க நாலு வார்த்தை எங்காவது குறித்து வையுங்கள்.

அப்புறம், உட்கார்ந்து எழுதத் தினம் ஒரு இருபது நிமிஷம் வேண்டும். இதை நீங்கள் வீட்டில் வாய் திறந்து கேட்க வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் அம்மாவைக் கூப்பிடக் கூடாது, என்ன வேண்டுமானாலும் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அதனால்தான் சொல்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா ராத்திரியில் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு எழுதியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது என்றால் கேளுங்கள். முதல் வாரம் எல்லோரும் கூப்பிடத்தான் செய்வார்கள். எழுந்து போகாதீர்கள்.

நாவலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலிஸ் மன்ரோ குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எழுதியவர். நாவல் எழுதத்தான் நினைத்தார், கிடைத்த நேரத்துக்குள் சிறுகதைதான் அடங்கியது. முதல் தொகுப்பு 1968-ல் வந்தபோது அவருக்கு வயது 37. 2013-ல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் நாவலில் வருகிற ஒருத்தியை எடுத்து, அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை மட்டும் சிறுகதையாக எழுதிப் பாருங்கள். தினம் 150 வார்த்தை என்றால் பத்து நாளில் 1,500 வார்த்தை வரும், அது ஒரு சிறுகதை. நாவல் எங்கேயும் போய்விடாது. நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே எழுதிய சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, இரண்டாவது வர 1981 ஆயிற்று.

சிறுகதை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், அவசியம் படிக்கிறேன்.

மூன்று நாவல் ஆரம்பித்தேன். மூன்றும் ஐம்பது பக்கத்தில் நின்றுவிட்டன. இப்போது நான்காவதாக ஒன்று அற்புதமாகத் தோன்றுகிறது. ஆரம்பிக்கட்டுமா? — கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வேண்டாம் தம்பி. ஐம்பது பக்கத்தில் ஊர், தெரு, ஆட்கள் எல்லோரையும் அறிமுகம் செய்து முடித்திருப்பீர்கள். அதற்கு மேல் யாராவது எதையாவது செய்தாக வேண்டும், செய்ததன் பலனை அனுபவிக்க வேண்டும். அங்கேதான் சிரமம் ஆரம்பிக்கிறது. சிரமம் வந்ததும் புதுக் கதை அழகாகத் தெரியும். நான்காவதும் அதே ஐம்பதாம் பக்கத்தில் வந்து நிற்கும்.

மூன்றில் எந்தக் கதையின் ஆள் இப்போதும் உங்கள் நினைவில் வருகிறாரோ அதை எடுங்கள். அவர் எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐம்பத்தோராம் பக்கத்தில் அது அவர் கையை விட்டுப் போகட்டும். இன்னொரு யோசனை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்னது: அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும். வகுப்புக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் எழுதுகிறவருக்கு இது ரொம்ப உதவும், மறுநாள் எங்கே ஆரம்பிப்பது என்று திகைக்க வேண்டியிருக்காது. நன்றாக வராவிட்டாலும் இந்த ஒன்றை முடியுங்கள். முடித்த பிறகுதான் எங்கே தொய்ந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஏ.டி.எம். ஒன்றில் இரவுக் காவல். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. எல்லோரும் நேரமில்லை என்கிறார்கள், எனக்கு நேரம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வரி வரவில்லை. ஃபோன் பார்த்தே விடிந்துவிடுகிறது. பன்னிரண்டு மணி வரை ஆள் வரும். இரண்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். — வாசகர், சென்னை

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரி வரவில்லை என்று சொல்கிற கடிதத்தில் அந்த வரி இருக்கிறது! இரண்டு மணிக்கு மேல் ஒருவர் ஓடி வந்து கார்டைச் செருகுகிறார். அவர் நோயாளிக்கு மகனா, பக்கத்து வீட்டுக்காரரா? பணம் வந்ததா, பேலன்ஸ் இல்லை என்று வந்ததா? வெளியே ஆட்டோ காத்திருந்ததா? இதைப் பார்த்தவர் நீங்கள்தான். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

ராத்திரி எழுதுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் காஃப்காவைச் சொல்வார்கள். பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, மதியம் இரண்டு மணிக்கு முடியும், இரவில் எழுதுவார். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்குள் 'தீர்ப்பு' என்ற கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். அந்த ஒரு ராத்திரியை எல்லோரும் கொண்டாடுகிறோம். அவருடைய மூன்று நாவல்களும் முடிக்கப்படாமலே நின்றுபோயின என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு இரவு நமக்கும் வரும் என்று காத்திருப்பதுதான் உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் முழுவதும் எழுதலாம் என்கிறபோது எந்த நிமிஷத்தில் ஆரம்பிப்பது என்றே தெரியாது.

அதனால் நேரத்தைக் குறுக்குங்கள். கூட்டம் குறைந்த பிறகு, பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை மட்டும். அந்த அரை மணி ஃபோன் பைக்குள் இருக்கட்டும். பாக்கெட் டைரி ஒன்று வாங்கி, ஒரு ராத்திரிக்கு ஒரே ஒருவரைப் பற்றி எழுதுங்கள்: அவர் கை என்ன செய்தது, என்ன பேசினார், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டது எது. கதையாக்க வேண்டாம். கார்டு, தொகை, வண்டி எண் எதையும் குறிக்கக் கூடாது. அது அவர்கள் அந்தரங்கம், உங்கள் வேலையும் அதில் இருக்கிறது. ஒரு மாதம் போகட்டும். டைரியைப் புரட்டும்போது ஏதோ ஒருவர் மட்டும் உங்களைப் போக விடமாட்டார். அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் பகல் தூக்கத்தைக் குறைத்து எழுத வேண்டாம் தம்பி. இரவு டூட்டி உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கை வலியால் ஃபோனில் பேசித்தான் டைப் செய்கிறேன். இதெல்லாம் எழுத்தாகுமா? — வாசகி, நாகர்கோவில்

ஆகும், சந்தேகமே வேண்டாம். உரையாடலுக்கு இது அருமையான வழி, பேசுகிற மாதிரியே வந்துவிடும். வர்ணனை மட்டும் சற்று நீளமாகும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். ண, ன, ல, ள, ழ தவறாக விழுவதை அன்றன்றே திருத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாது. எழுதியதை உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

என் நாத்தனாரின் வாழ்க்கையை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். பெயரை மாற்றித்தான் எழுதினேன். ஆனாலும் குடும்பத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் என்னோடு பேசுவதில்லை. இனி சொந்தக்காரர்களைப் பற்றி எழுதவே கூடாதா? — வாசகி, கும்பகோணம்

எழுதலாம். ஆனால் பெயரை மாற்றுவது மாற்றமே இல்லை. கும்பகோணத்தில் டீச்சராக இருக்கிறவர், இரண்டாவது குழந்தை தவறியது, மாமனாரோடு வழக்கு, எல்லாம் அப்படியே இருந்தால் எந்தப் பெயர் வைத்தாலும் அது அவர்தான். ஊரை மாற்றுங்கள், வேலையை மாற்றுங்கள். வேறொருவரின் கோபத்தையோ சிரிப்பையோ அவருக்குக் கொடுங்கள். மாற்ற மாற்ற அந்தப் பாத்திரம் உங்கள் நாத்தனார் செய்யாத ஒன்றைச் செய்ய ஆரம்பிக்கும். கதை அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். உங்கள் நாத்தனாரை வைத்து எழுதிய அந்த அண்ணி எதற்காக எல்லோரோடும் சண்டை போடுகிறாள் என்பதற்கு அவள் பக்கத்து நியாயம் கதையில் ஒரு வரி கூட வரவில்லை. மருமகள் கண்ணால் மட்டுமே அவளைப் பார்க்கிறோம். உங்கள் நாத்தனாரின் வருத்தத்துக்கு அடையாளம் தெரிந்தது மட்டும் காரணமாக இருக்காது. இந்தக் கதையை இப்போதைக்கு வேறெங்கும் கொடுக்க வேண்டாம். அதே சண்டையை அண்ணி சொல்வதாக ஒரு முறை எழுதிப் பாருங்கள். அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்றில்லை. நேரில் போய்ப் பார்ப்பது எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் போங்கள்.

கொங்குப் பேச்சில் கதை எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்கிறார் என் நண்பர். — வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. கொங்கு மண்ணின் பேச்சில் எழுதிய அந்த நாவலை எல்லா ஊர்க்காரர்களும் இன்றுவரை படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கி. ராஜநாராயணனின் கரிசல் பேச்சும் அப்படித்தான். பயப்படாமல் எழுதுங்கள்.

வாசகரைத் தடுக்கி விழ வைப்பது வட்டாரச் சொல் இல்லை. ஒவ்வொரு ஒலியையும் காதில் கேட்டபடியே எழுத்தில் கொண்டுவரப் பார்ப்பதுதான். வாக்கியத்தின் போக்கும் அந்த மண்ணின் சொற்களும் வந்தாலே போதும், 'போகோணுமுங்க' என்று ஒரு இடத்தில் வந்துவிட்டால் மீதியை வாசகர் தானே அந்த ராகத்தில் படித்துக்கொள்வார். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடாதீர்கள். "ஒறம்பரை வந்திருக்குதுன்னு கோழி அடிச்சாங்க" என்று எழுதினால் ஒறம்பரை என்றால் யார் என்று மதுரைக்காரி எனக்கே புரிந்துவிடுகிறது.

அரசு அலுவலகத்தில் உதவியாளர். வயது 58. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அதன் பிறகு முழு நேரமும் எழுதலாம் என்று இருக்கிறேன். அதுவரை என்னென்ன படிக்கலாம்? — வாசகர், விருதுநகர்

சார், இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம். ஓய்வு பெற்றால் நாள் முழுக்க நம் கையில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கரண்ட் பில், பாங்க், ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போய்ப் பார்ப்பது எல்லாம் 'நீங்கதான் வீட்டில சும்மா இருக்கீங்களே' என்று நம்மிடம் வந்து சேரும். அதுவரை எழுதிப் பழகாத கை அந்த இரைச்சலில் ஆரம்பிக்காது. ஏற்கெனவே பழகிய கை எப்படியாவது இடம் பிடித்துக்கொள்ளும்.

வயதைப் பற்றிய கவலை வேண்டாம். இங்கிலாந்தில் பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம், ஒரு வாழ்க்கை வரலாறு, 1975-ல் வந்தது. அப்போது அவருக்கு உங்கள் வயதுதான். அதுவரை ஆசிரியை வேலையும் பிள்ளை வளர்ப்பும். முதல் நாவல் 1977-ல், புக்கர் பரிசு 1979-ல். உங்கள் பக்கத்துக் கரிசல்காரர் பூமணி, கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'பிறகு', 'வெக்கை' இரண்டையும் எழுதினார். என்ன படிக்கலாம் என்று கேட்டீர்களே, அந்த இரண்டையும் படியுங்கள். ஒரு முறை கதைக்காக. இன்னொரு முறை, ஒரு ஆள் உள்ளே வந்ததும் அவரைப் பற்றி முதலில் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக.

உங்கள் கடிதத்தின் நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வரப்படுகிறது' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் குறிப்பு எழுதிய கைக்கு அது இயல்பாக வரும். கதைக்கு அதை இறக்கிவைக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். அந்த வேலையை இப்போதே ஆரம்பித்துவிடலாம். மதிய சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸை மூடிய பிறகு பதினைந்து நிமிஷம் இருக்கும். வருகிற திங்கட்கிழமை, அன்று காலை உங்கள் மேஜைக்கு மனுவோடு வந்து, இணைப்பில் ஒரு தாள் குறைவதால் திரும்பிப் போன ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். மனுவை எந்தக் கையில் வைத்திருந்தார், கூட யார் வந்தார்கள், வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாரா. மேற்படி, மேற்கண்ட, கொண்டுவரப்படுகிறது மூன்றும் இல்லாமல்.